நான்காம் தொகுதி மட்டிப்பழம்

ஆகஸ்ட் 12, திங்கள்

5.40-க்கு எழுந்தேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. 7.15-க்கு வடசேரி சந்தை. லூர்தம்மாள் கடையில் மட்டிப்பழம் சீப்பு இரண்டு, பழம் முப்பத்தொன்று. ஆய்வுக்கூட நோட்டில் "தொகுதி 4, மட்டி, வடசேரி" என்று பதிந்தேன். அந்த நோட்டில் எண்களுக்கும் பெயர்களுக்கும் மட்டுமே இடம். மற்றவற்றை இங்கே எழுதுவது என் பழக்கம். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுத்து கொஞ்சம் தைரியமாக வருகிறது.

சீப்பு வழக்கத்தைவிடப் பருமனாகத் தெரிந்தது. இந்த ஆண்டு மழை அப்படி.

நான் இந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. கல்லூரியில் முப்பத்தேழு ஆண்டு வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்துவிட்டு வீட்டில் இருந்தவனை, அதை நடத்தும் டாக்டர் ஹெப்சிபா தேடி வந்து அழைத்தார். "உங்க கை நடுங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார். கை நடுங்காதுதான். மற்றதெல்லாம் நடுங்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பழச்சதையை உப்புக் கரைசலில் அரைத்து, வடிகட்டி, வேகமாகச் சுழற்றித் தெளிந்த சாற்றை எடுத்தேன். சவ்வுப் பையில் கட்டி நீரில் மிதக்கவிட்டேன். நீர் நான்கு முறை மாற்றியாயிற்று. பழத்தின் சர்க்கரை முழுவதும் வெளியேற வேண்டும். ஒரு சிட்டிகை தங்கினாலும் நாங்கள் தேடும் புரதமான லெக்டின் அதைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை செய்யாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நம் ஊரில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் வாழைப்பழம் மட்டி. வயிற்றுக்கு நல்லது என்பார்கள். ஏன் நல்லது என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஹெப்சிபா சிரிக்காமல் கேட்டவர். வாழைப்பழத்தில் லெக்டின் என்ற புரதம் உண்டு. அதற்குக் கொக்கி போல ஒரு பிடி. சர்க்கரையைக் கண்டால் மாட்டிக்கொள்ளும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாவின் மேல்தோலிலும் சர்க்கரை இருக்கிறது. மட்டியின் லெக்டின் அதைப் பிடிக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

லெக்டின் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று. தட்டில் வரிசையாகப் பன்னிரண்டு சிறு குழிகள். பழச்சாற்றைக் குழிக்குக் குழி பாதியாக நீர்க்கச் செய்து, எல்லாவற்றிலும் முயலின் சிவப்பணுக்களை விட வேண்டும். லெக்டின் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குழி முழுவதும் பாய் விரித்தது போல நிற்கும். இல்லாவிட்டால் உருண்டு நடுவில் பொட்டாக விழும். பொட்டு விழுந்த இடத்தில் நம் கதை முடிந்தது.

முதல் மூன்று தொகுதியிலும் மூன்றாம் குழி வரைதான் பாய். நான்காம் குழியில் பொட்டு. இன்று ஒன்பதாம் குழி வரை பாய் விரிந்து நின்றது.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஹெப்சிபா வந்து பார்த்தார். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒவ்வொரு குழியாக விரல் வைத்து எண்ணினார்.

"சார், இது கொள்ளாமே, ரொம்ப நல்லா வந்திருக்கே!"

"எங்கேயாவது பிசகியிருக்கலாம், மேடம்."

"பிசகி ஒம்பது வராது சார். பிசகுனா பூஜ்யம்தான் வரும்." பிறகு மானோஸ் என்னும் சர்க்கரையைச் சில குழிகளில் சேர்க்கச் சொன்னார். சேர்த்த குழிகளில் எல்லாம் பிடி விட்டு, அணுக்கள் பொட்டாக இறங்கின. லெக்டின்தான், சந்தேகமில்லை.

மகிழ்ச்சியில் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? இன்னொரு தட்டு எடுத்து முதலிலிருந்து மறுபடி செய்தார். நல்ல செய்தியை இரண்டு முறை சோதிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மிஞ்சிய ஏழு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். என் மனைவி பகவதி ஒன்றை உரித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"இது மட்டி இல்லியே."

"மட்டிதான். லூர்தம்மாள் கடையில் வாங்கினது."

"கடைய யாரு கேட்டா? தோலப் பாருங்க, எவ்வளவு தடி. மட்டிக்கு மூக்கு இப்படியா நீண்டு இருக்கும்? நீங்க அங்க வாயத் தொறந்திருக்க மாட்டிய."

அவளுக்குப் போன மாதம்தான் கண்புரை அறுவை நடந்தது. பார்வை இன்னும் பழகவில்லை என்று நினைக்கிறேன். இப்போது கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறாள் என்பதையும் எழுத வேண்டும்.

பழங்களைத் தின்று தீர்த்தோம். தோல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு.

ஆகஸ்ட் 26, திங்கள்

நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் பார்த்தேன். சாறு சேர்க்காத கண்ணாடித் துண்டில் அவை தனித்தனியாக, சந்தைக் கூட்டம் போல அலைந்தன. சாறு சேர்த்ததில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தன. லெக்டின் அவற்றைக் கொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடியில் கிடப்பவை குடலின் சுவரில் போய் ஒட்ட முடியாது. வளர்ப்புத் தட்டிலிருந்த குடல் செல்களில் ஒட்டியவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. தயிரில் உள்ள நல்ல பாக்டீரியாவை அதே சாறு ஏறக்குறைய சீண்டவே இல்லை.

எழுபத்துமூன்று வயதில் ஒரு பழத்தின் முன்னால் கைகட்டி நிற்கத் தோன்றுகிறது. ஓடவோ கடிக்கவோ தெரியாத ஒன்று, தன் சதைக்குள் இவ்வளவு நுட்பமான ஒரு பிடியை வைத்துக்கொண்டு சந்தையில் தொங்குகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

தொகுதி 5. மூன்றாம் குழி.

செப்டம்பர் 18, புதன்

தொகுதி 6. மூன்றாம் குழி. பாய்கூட அரைகுறை.

ஹெப்சிபா தன் வேலையை ஒவ்வொன்றாகச் சோதித்தார். தராசு, சுழற்றும் இயந்திரம், குளிர்பெட்டியின் வெப்பநிலை, உப்பின் காலாவதித் தேதி. நான்காம் தொகுதிச் சாறு ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். குடல் செல் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. நான் தயங்கித் தயங்கி, "நான் வாங்கியதில், அரைத்ததில் ஏதாவது..." என்று தொடங்கினேன்.

"சார், உங்க நோட்டுல எழுதியிருந்தா அது நடந்திருக்குன்னு அர்த்தம். அதுல நான் கை வைக்க மாட்டேன். என்கிட்டதான் எங்கயோ ஓட்டை."

வாக்கியத்தை முடிக்க ஓர் இடைவெளி கிடைத்தது. நான் முடிக்கவில்லை. சோதனைக் குழாய்களைக் கழுவப் போய்விட்டேன். கழுவியவற்றையே கழுவினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. கல்லூரி நாளின் ஏழாம் குப்பி நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து சந்தைக்குப் போனேன். வாக்கியத்தைப் பேருந்திலேயே தயார் செய்துகொண்டேன்: "அம்மா, ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நீங்கள் கொடுத்தது என்ன பழம்?" கடையில் கூட்டம். லூர்தம்மாள் குரல் சந்தை முழுவதும் கேட்கும் குரல்.

"சாரே, வாங்க வாங்க! ஏத்தன் வேணுமா, செந்துளுவன் வேணுமா? ஒங்க மட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

"சரி" என்றேன். மட்டி ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். பழம் பதினாறு. மூக்கு குட்டை. தோல் மெல்லிசு. இதுதான் மட்டி.

அக்டோபர் 5, சனி

ஆய்வுக்கு உதவித்தொகை தரும் குழு நவம்பர் 14 அன்று வருகிறது என்று கடிதம். கண்டதை மறுபடி செய்து காட்டினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

ஹெப்சிபா அறிக்கையின் முதல் வடிவத்தைப் பிழை பார்க்கக் கொடுத்தார். ஏழாம் பக்கத்தில் இருந்தது: "நான்காம் தொகுதியின் முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. முதன்மை ஆய்வாளரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம். அம்முடிவைத் திரும்பப் பெறுகிறோம்."

"இதை ஏன் உங்கள் பேரில் எழுதினீர்கள், மேடம்?"

"வேற யாரு பேர்ல எழுத? காரணம் தெரியல. தெரியாததுக்கு நான்தான பொறுப்பு."

அந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தினேன். மற்றதைத் திருத்தவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

ஏழாம் குப்பியைப் பற்றி எங்கும் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

1989, ஏப்ரல். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. மாணவர் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட குப்பியில் ஓர் உப்பு. அது என்னவென்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். குப்பிகளை நிரப்பியது நான். ஏழாம் எண் விமலாராணி என்ற மாணவிக்கு. அவள் எழுதிய விடை பட்டியலோடு ஒத்துப்போகவில்லை, தேறவில்லை. மறுநாள் குப்பிகளைக் கழுவும்போதுதான் ஏழிலும் எட்டிலும் நான் மாற்றி நிரப்பியது தெரிந்தது. அவள் எழுதியது சரி. எட்டாம் எண் மாணவர் தேர்வுக்கே வராததால் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அன்று மாலை ரயிலுக்குப் போவதாக இருந்தது. அவர் அறைக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அவள் மறுதேர்வுக்கு வரவில்லை. என்ன ஆனாள் என்று தெரியாது. எழுதியதால் ஒன்றும் சரியாகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 12 அன்று நடந்தது இது. லூர்தம்மாள் அந்தச் சீப்பை எடுத்துத் தந்தபோதே அது வேறாக இருக்கிறதென்று பார்த்தேன். மூக்கையும் பார்த்தேன், தோலையும் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. பேருந்தில் உட்கார்ந்து "மட்டி" என்று எழுதினேன். மழை என்று இங்கே எழுதியது பொய்.

அக்டோபர் 8, செவ்வாய்

9.05-க்கு ஹெப்சிபாவின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். நான்கு வாக்கியம். தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு மாசம் சார்."

"ஆமாம்."

"நான் தராச மூணு தடவ சரிபாத்தேன். ராத்திரி தூக்கம் வராம, எங்க தப்பு பண்ணேன் எங்க தப்பு பண்ணேன்னு... நீங்க பக்கத்துல நின்னு குழாய் கழுவிக்கிட்டு இருந்தீங்க."

இனி வரவேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சாவியைப் பையில் தயாராக வைத்திருந்தேன். எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் சாவியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று ஓடத் தொடங்குவதைக் கண்டேன்.

"அப்போ சாறு சரி," என்றார் மெதுவாக. "தட்டு சரி. ஒம்பதாம் குழி நெஜம். பழம்தான் வேற." எழுந்துவிட்டார். "சாவிய எடுங்க சார். கோவத்த நான் அப்புறம் படுறேன். இப்ப சந்தைக்குப் போவோம்."

சந்தையில் அவரே பேச்சைத் தொடங்கட்டும் என்று ஒதுங்கினேன். அவர் விடவில்லை. "நீங்க கேளுங்க" என்றார்.

கேட்டேன். லூர்தம்மாள் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எம்மா, இத கேக்க ரெண்டு மாசமா சாரே? அன்னிக்கு மட்டி வரல. தடிக்காரன்கோணத்து வேலப்பன் ரெண்டு சீப்பு கொண்டாந்து போட்டிருந்தான். ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டேதான் குடுத்தேன். வேண்டாம்னா எடுத்திருப்பேன். நீங்க வேண்டாம்னு சொல்லலியே!"

"பழத்துக்குப் பேர் என்ன?"

"பேரா? அது எனக்கு எப்படித் தெரியும்? மட்டி மாதிரி இருந்திச்சு, மட்டியோட வச்சேன்." பிறகு ஹெப்சிபாவிடம் திரும்பினாள். "அப்ப இதத் தின்னா வயித்தால போறது நிக்குமா டாக்டரே?"

"அதுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணி குடிங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது கண்ணாடித் தட்டுல பாத்தது மட்டும்தான். வயித்துக்குள்ள என்ன செய்யும்னு எனக்கே இன்னும் தெரியாது."

"தெரியாதத தெரியாதுன்னு சொல்லுத டாக்டர இப்பதான் பாக்கேன்" என்றாள் லூர்தம்மாள்.

அக்டோபர் 9, புதன்

தடிக்காரன்கோணம். வேலப்பன் ஐம்பது வயதுக்காரர். வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி ஒரே ஒரு வாழை மூடு, கன்றுகளோடு சேர்ந்த ஒரு குத்து. அதில் ஒரு குலை முற்றி நின்றது.

"இதுக்கா காரெடுத்து வந்தியோ?" என்றார். "பேரெல்லாம் கெடையாது. கெணத்தடி வாழைன்னு சொல்லுவோம். தோல் தடின்னு எவனும் வாங்க மாட்டான். பசுவுக்குத்தான் போடுவோம். ஆகஸ்டுல ஒருநாள் சந்தைக்குப் போற வண்டில எடம் இருந்திச்சு, ரெண்டு சீப்பு ஏத்திவிட்டேன்."

"இந்தக் குலையை எங்களுக்குத் தருவீர்களா?" நான்தான் கேட்டேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

"நாளக்கழிச்சு ஆயுதபூஜைக்கு ட்ராக்டர்ல கட்டலாம்னு நெனச்சேன். போட்டும், கொண்டுபோங்க. ட்ராக்டருக்கு ரசகதலிக் குலை போதும்."

குலையை நான் படம் எடுத்தேன். மூடு, இலை, பூ, கிணறு, வேலப்பன். பெயர் இல்லாவிட்டாலும் முகவரி இருக்கட்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

பழம் பழுக்கப் பத்து நாள். இன்று சோதனை.

ஹெப்சிபா எட்டுக் குழாய் தயார் செய்தார். சிலவற்றில் மட்டி, சிலவற்றில் கிணற்றடி வாழை, ஒன்றில் வெறும் உப்புநீர். எது எதுவென்று எனக்குச் சொல்லவில்லை, எழுத்துகள் மட்டும். பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, கல்லூரி நூலகரிடம் கொடுத்துவிட்டார். "உங்கள நம்பாம இல்ல சார். என்னையே நம்பாமத்தான்" என்றார். இரண்டும் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். நியாயம்தான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைப் படித்தேன். அ: மூன்று. ஆ: ஒன்பது. இ: பொட்டு. ஈ: ஒன்பது. உ: மூன்று. ஊ: எட்டு. எட்டா ஒன்பதா என்று நெடுநேரம் பார்த்து எட்டு என்றே சொன்னேன். எ: மூன்று. ஏ: மூன்று.

நூலகர் உறையைப் பிரித்துப் படித்தார். ஆ, ஈ, ஊ மூன்றும் கிணற்றடி. இ உப்புநீர். மற்றவை மட்டி.

ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு விரல்களுக்கு இடையே பார்த்து, "அந்த எட்டு... ஒம்பதுன்னு சொல்லியிருந்தா அழகா இருந்திருக்கும்ல சார்?" என்றார்.

"எட்டுதான், மேடம்."

"அது போதும்."

நவம்பர் 4, திங்கள்

பாக்டீரியாச் சோதனையும் ஆகஸ்டில் வந்தது போலவே வந்தது. அறிக்கையின் ஏழாம் பக்கத்தை ஹெப்சிபா மாற்றியிருக்கிறார்: "நான்காம் தொகுதியின் இனம் தவறாகப் பதியப்பட்டது." யார் பதிந்தது என்று இல்லை. என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். "பதிந்தவர்: அ. தாணுலிங்கம்" என்று நானே தட்டச்சு செய்து காட்டினேன். அழிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழுவில் மூவர். தலைவர் சென்னையிலிருந்து வந்தவர். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. நான் கடைசி வரிசையில் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன்.

ஹெப்சிபா நாற்பது நிமிடம் பேசினார். பழத்தைப் புகழவில்லை. கண்டது, காணாதது, இன்னும் தெரியாதது என்று சொல்லிக்கொண்டே போனார். பச்சை மொச்சை போன்றவற்றின் லெக்டின் குடலுக்கே கேடு செய்யும், ஆகவே இதன் தீமையையும் முதலில் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

தலைவர் ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். "இந்தத் தாணுலிங்கம் யாரு? வந்திருக்காரா?"

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான். பழம் வேறாக இருந்ததைக் கடையிலேயே பார்த்தேன். கேட்கவில்லை. மட்டி என்று எழுதிவிட்டேன்."

"ஏன் கேக்கல?"

"பயம், சார்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "பயம்னு அறிக்கையில எப்படிங்க எழுதுறது? காரணம்னு ஒரு வரி வேணுமே."

"கேக்கலன்னு எழுதிக்கோங்க சார்," என்றார் ஹெப்சிபா. "அதுதான் நடந்தது. அப்புறம் அவரே வந்து சொன்னாருன்னும் எழுதிக்கோங்க. அதுவும் நடந்தது."

எழுதிக்கொண்டார். ஆய்வு ஓர் ஆண்டு தொடரலாம். புரதத்தைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் ஹெப்சிபா என்னிடம், "இப்ப கோவப்படலாம்னு பாத்தேன். எங்க வச்சேன்னு தெரியல" என்றார்.

பகவதியிடம் சொன்னேன். "சபையில எழுந்து பேசினியளா? நீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். பிறகு, "மூக்கப் பாத்து நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். ஆம், சொன்னாள். அதையும் அறிக்கையில் சேர்த்திருக்க வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

5.40-க்கு எழுந்தேன். மாத்திரை ஒன்று. ஆய்வுக்கூட நோட்டில் புதிதாக ஒரு பத்தி வரைந்திருக்கிறேன்: "விற்றவர் சொன்ன பெயர்."

வடசேரி, 7.20. கூட்டம் அதிகம். லூர்தம்மாள் என்னைப் பார்த்ததும் ஒரு சீப்பை எடுத்துத் தாளில் சுற்றத் தொடங்கினாள்.

"அம்மா, கொஞ்சம் பிரிங்க. இது என்ன பழம்?"

முன்னால் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மட்டி, சாரே."

"எங்கிருந்து வந்தது?"

"குலசேகரம்."

மூக்கைப் பார்த்தேன். தோலை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு பழம் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

"இது?"

லூர்தம்மாள் குனிந்து பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"அதும் மட்டிதான். ஆனா நீங்க கேட்டது நல்லதாச்சு" என்றாள்.

தொகுதி 11. சீப்பு ஒன்று, பழம் பதினேழு. மட்டி, குலசேகரம். கேட்டு எழுதியது.